கைதட்டல் பதில் ஆகுமா?

உத்திரமேரூர் என்றதும் எல்லாரும் கல்வெட்டைத்தான் சொல்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய குடவோலை விதிகள். ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் சொன்னார். அந்தச் சபை யாருடைய சபை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில் இருக்க வேண்டும். குடத்துக்குள் விழுந்த ஓலையில் சேரிக்காரன் பேர் ஒன்றும் இல்லை. எந்தப் பெண் பேரும் இல்லை.

சோழர் கல்வெட்டில் நாம் வராமலும் இல்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும் இடத்தில் பறைச்சேரி வருகிறது. அதே பட்டியலில் சுடுகாடும் வருகிறது. கல்லில் நமக்கு இடம் உண்டு, பேச்சு கிடையாது.

பேச்சு வாயில் இருந்தது. எங்க பக்கத்து ஆயாமார்களுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு சாவு விழுந்தால் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி எடுத்துக் கொடுக்க இன்னொருத்தி வாங்கிக்கொள்ள, விடிய விடியக் கட்டி அழுவார்கள். செத்தவனிடம் சொல்வதுபோல உயிரோடு இருப்பவனை வைவார்கள். சீர் செய்யாத அண்ணன், குடித்துவிட்டு அடித்த புருஷன், கூலி நெல்லில் மரக்கால் குறைத்த ஆண்டை எல்லாரும் அதில் வருவார்கள். மற்ற நாளில் வாய் திறந்தால் அடி விழும். சாவு வீட்டில் அழுகிறவளை யார் வந்து அடிப்பான்? ஒருத்தி தன் குறையைச் சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவள் சும்மா இருக்கக் கூடாது, தன் வரியைப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்ப்பதற்கு அங்கே ஆள் கிடையாது.

அதே தொண்டையை ஊர்த்தெருவும் கேட்டது. ஆண்டை வீட்டுச் சாவுக்குச் சேரி ஆம்பிளைகள் பறை அடிக்கணும், பொம்பிளைகள் மாரடிச்சு அழணும். "அழுவறதுக்கு நாம வேணும், பொணத்துகிட்ட மட்டும் உடமாட்டாங்க" என்று எங்க ஆயா சொல்லும். அந்த அழுகையில் தன் குறை ஒரு வரி வந்துவிடக் கூடாது. 80களிலும் 90களிலும் பல கிராமங்களில் நம் இளைஞர்கள் இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டார்கள். அதே காலத்தில்தான் தலித் கலை விழா மேடைகளில் பறை ஏறியது. இது முரண் இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு முரணாகத் தெரியவில்லை. இழிவு தோலிலும் குச்சியிலும் இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதைத் தங்கள் வழியில் கண்டுகொண்டார்கள். பின்னால் அமிரி பராக்கா என்று பேர் மாற்றிக்கொண்ட லீராய் ஜோன்ஸ் 1965இல் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பர் கலை அரங்கைத் தொடங்கினார். 1968 மே 19, மால்கம் எக்ஸ் பிறந்த நாளில், 'லாஸ்ட் போயட்ஸ்' அதே ஹார்லெமில் ஒரு பூங்காவில் நின்று கவிதை சொன்னார்கள். கறுப்பர் தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொன்னால் கூட்டம் மறுவரி சொல்லும். அந்தப் பழக்கம் கவிதைக்கும் வந்தது. நம் ஒப்பாரிக்கு இது தூரத்துச் சொந்தம் இல்லை. 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். இன்குலாப்பின் 'மனுசங்கடா'வை அவர் குரலில்தான் நாம் கேட்டோம். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற தமிழர் என்பதிலிருந்து வந்த பேர். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. அதில் பாடிய அரக்கோணத்து அறிவு, 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டியின் கதையை வைத்தார். உலகமே ஆடியது. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லை என்று பா. ரஞ்சித் கேட்டார். 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அதை உருவாக்கியவர்களுக்குள்ளேயே வேறு வேறு பேச்சு உண்டு. அதைத் தீர்க்க நான் வரவில்லை. நிலமில்லாதவளின் கதைக்கு ஒரு அரங்கமே கைதட்டுகிறது. தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறது. நான் கேட்பது அதைப் பற்றி.

அப்படியானால் நம் வலியை மேடைக்குக் கொண்டுபோகலாமா? கூடாது, அது துக்கத்தை விற்பது என்கிறார்கள் நம்மில் சிலர். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் மூடி வைத்த துக்கம் யாருக்கு லாபம்? ஊர்த்தெருவுக்குத்தான். பாடணும். சாவு வீட்டு முறையோடு பாடணும். அங்கே கேட்டவள் கடன்பட்டவள். மேடைக்குக் கீழே இருப்பவனும் கடன்பட்டவன்தான். "நல்லா இருந்துச்சு" என்பது பதில் ஆகாது.

என்ன பதில் வேண்டும்? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அன்றைக்கு உத்திரமேரூரும் அந்த ஜில்லாதான். 1892இல் நமக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்தப் பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நம் பாட்டைக் கேட்டு உருகுகிறவன் தன் பட்டா எங்கிருந்து வந்தது என்று வீட்டில் போய்ப் பார்க்கட்டும். தன் ஊரில் நம் பிணம் போகும் பாதையை மறிப்பவனிடம் ஒரு வார்த்தை பேசட்டும். பாடியவர் பேரை விடாமல் சொல்லட்டும்.

பாடுகிற நமக்கும் ஒரு கடன் இருக்கிறது. பட்டணத்து மேடையில் பாடியதைச் சேரியில் வந்து பாடணும். அங்கே ஒரு கிழவி குறுக்கே புகுந்து, "அது அப்படி இல்லடா" என்று தன் வரியைப் போடுவாள். அதைக் கேட்டுப் பாட்டைத் திருத்திக்கொள்ளணும்.