நேற்று நிறுத்தியவர்

பாலாறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆம்பூரில் வளர்ந்த எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம். ஒரு விடிகாலையில் போய் நின்றேன். முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு. அவுட்போர்டு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. படகுக்காரர் கயிற்றை இருபது தடவையாவது இழுத்திருப்பார்.

"சோக் போட்டீங்களாண்ணே?" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி அது.

"போட்டாச்சு தம்பி."

பிறகு அவர் இழுப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? திறந்திருந்தது. எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கினார், கெட்டியானது. அதாவது கார்புரேட்டர் வரை எண்ணெய் வருகிறது. பிளக்கைக் கழற்றினார். ஈரம். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை என்று அர்த்தம். ஈரமென்றால் வருகிறது, ஆனால் பற்றவில்லை. பிளக்கை இன்ஜின் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுத்ததும் நீலப்பொறி தெரிந்தது. எண்ணெய் இருக்கு, பொறி இருக்கு. அப்புறம் என்ன?

பிளக்கை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "மண்ணெண்ணெய்."

இந்த வகை இன்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் கரைக்கு வரும்போதே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட்டு நிறுத்த வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டர் கிண்ணத்தில் மறுநாளுக்கான பெட்ரோல் நிற்கும். முந்தின நாள் படகை எடுத்துப்போன மச்சான் பையன் அப்படியே அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்து, பெட்ரோல் நிரப்பி, பிளக்கைத் துடைத்து மாட்டினார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

எனக்கு உறைத்தது இதுதான்: இன்று காலையின் கோளாறு இன்று காலை நடக்கவில்லை. நிறுத்தியவன் தூங்குகிறான், கயிறு இழுப்பவருக்குக் கை வலிக்கிறது.

எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சிஸ்டம் விழுந்தால் 'யார்' என்று கேட்கக் கூடாது, 'ஏன்' என்று மட்டும் கேட்க வேண்டும். பழி சொன்னால் ஆட்கள் மறைப்பார்கள், காரணம் கிடைக்காது. நான் அதை முழுசாக நம்பியவன். ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நிறுத்துகிறவரும் நாளைக்குக் கிளப்புகிறவரும் ஒரே குழுவாக இருக்க வேண்டும். மச்சான் பையன் நாளைக்கு அதே கயிற்றை இழுப்பான். அதனால் திட்டு தேவையில்லை, சொன்னால் போதும். இருவரும் வேறு வேறு ஆட்களென்றால்?

பெட்ரோலே ஆனாலும் மாதக்கணக்கில் நின்றால் ஆவியாகிவிடும், பிசின் மட்டும் தங்கி ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். என் ஊர் ஆறும் அப்படித்தான். தண்ணீர் போய்விட்டது, பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும், பதனிட்ட குரோமியமும் மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிட்டன. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். இங்கே 'யாரையும் குறை சொல்லாமல் காரணத்தைப் பார்ப்போம்' என்பது பெருந்தன்மை இல்லை, நழுவல். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 'யார்' கேள்வியைத்தான் கேட்டது: மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஆணையிட வேண்டியிருந்தது.

இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. என் காலேஜ் ஃபீஸ் அப்பாவின் ஷூ கம்பெனிச் சம்பளம். தோல் இல்லையென்றால் இந்தக் கட்டுரை எழுதும் லேப்டாப்பும் இல்லை. ஆலை முதலாளியின் பொறுப்பும் அப்பாவின் பொறுப்பும் ஒன்றல்ல. அப்பாவுடையதும் என்னுடையதும் ஒன்றல்ல. ஆனால் என்னுடையது பூஜ்ஜியம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்தபோது நானும் பெட்ரோலுக்கு மாற்றாமல் இறங்கிப் போனவன்தான்.

படகு கிளம்பும்போது கேட்டேன்: "பையனைத் திட்டுவீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? நாளைக்கு அவனையே கயிறு இழுக்கச் சொல்லுவேன்" என்றார்.