ஹவுளில் நீர் குறைந்தால் யார் பொறுப்பு?

பள்ளிவாசல் ஹவுளில் நீர் குறைகிறது. ஒரு நாள் ஸுப்ஹுக்கு வந்து பார்த்தால் மேல்படி வெளியே தெரிகிறது. அடுத்த நான்கு நாட்கள் ஒன்றுமில்லை. கொத்தனாரை அழைத்து வந்து காட்டுகிற அன்று தண்ணீர் வைத்தது வைத்தபடி நிற்கிறது. மறுவாரம் மீண்டும் குறைகிறது. இதற்குள் ஜமாஅத்தாரின் பேச்சு மெல்ல மோதினார் பக்கம் திரும்பிவிடுகிறது. வால்வை மூட மறந்திருப்பார் என்பார் ஒருவர். யாருக்கோ தண்ணீர் திறந்து விடுகிறார் என்பார் இன்னொருவர். சம்பளத்தில் பிடித்தால் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். பழைய ஹவுள் உள்ள எந்த ஊரிலும் இப்படியொரு பேச்சு எழக்கூடும்.

இதில் மார்க்கப் பிரச்சினை ஒன்று அடங்கியிருக்கிறது. எப்போதாவது தலைகாட்டும் ஒரு குறையை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி என்று கொள்ளலாமா? கூடாது என்றால், குறையைக் கண்டும் வாளாவிருக்கலாமா?

ஃபிக்ஹு கலையின் அடிப்படை விதிகளுள் தலையாயது, உறுதியாக அறிந்த ஒன்று சந்தேகத்தால் நீங்காது என்பது. உதுமானியப் பேரரசில் 1876-ல் நிறைவுற்ற மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பில் இது நான்காவது விதியாக இடம்பெற்றிருக்கிறது. மனிதன் பொறுப்பிலிருந்து நீங்கியவன் என்பதே மூலநிலை என்பது அதன் எட்டாவது விதி. தொழுகையில் நிற்பவருக்கு ஒளூ முறிந்ததோ என்று ஐயம் எழுந்தால், சப்தத்தையோ வாடையையோ உணராதவரை தொழுகையை விடவேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஒருவருடைய ஒளூவையே சந்தேகத்தால் முறிக்க இயலாதபோது, ஒருவருடைய மானத்தையும் கூலியையும் சந்தேகத்தால் முறிப்பது எங்ஙனம் தகும்? ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறும் சூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது.

கவனியுங்கள்: ஊகிக்காதே என்ற அதே அத்தியாயம் விசாரி என்றும் சொல்கிறது. ஆகவே சந்தேகம் முற்றிலும் பயனற்றதல்ல. அது தேடத் தொடங்குவதற்குப் போதுமானது, தீர்ப்பளிப்பதற்குத்தான் போதாது.

எப்படித் தேடுவது? முதலாவதாக, வெயிலின் பங்கைக் கழிக்க வேண்டும். கோடையில் திறந்த தொட்டி நீர் நாளொன்றுக்குக் கால் அங்குலம் அளவுக்கு ஆவியாகக் கூடும். ஒரு வாளியில் நீர் நிரப்பி, நீரில் சற்று அமிழும்படி ஹவுளின் படியில் வையுங்கள். வாளியிலும் ஹவுளிலும் நீர்மட்டத்தைக் கோடிடுங்கள். வரும் குழாயையும் போகும் குழாயையும் அடைத்துவிட்டு ஒரு முழு நாள் விடுங்கள். இரண்டிலும் சமமாகக் குறைந்தால் அது ஆவி. ஹவுளில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் அது கசிவு.

இரண்டாவதாக, எப்போது குறைகிறது என்பதை எழுதி வையுங்கள். விட்டுவிட்டு வரும் கசிவுக்கு அதுவே சாட்சி. நீர் ஓர் அளவுக்கு இறங்கி, பிறகு இறங்காமல் நின்றால், வெடிப்பு அந்த மட்டத்தை ஒட்டியிருக்கலாம். ஹவுளை முழுக்க நிரப்பாத நாட்களில் வெடிப்புக்கு நீர் எட்டுவதில்லை. அதனால்தான் அன்று கசிவு இல்லை. மோட்டார் ஓடும்போது மட்டும் குறைந்தால், மோட்டாரிலிருந்து வரும் குழாயின் இணைப்புகளைப் பாருங்கள். மோட்டார் நின்ற பிறகு குறைந்தால், குழாயின் வாய் ஹவுள் நீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். வால்வு பழுதாயிருந்தால், ஏறி வந்த நீர் அதே குழாய் வழியே கிணற்றுக்குத் திரும்பிப் போகும்! கண்ணுக்குத் தெரியும் வெடிப்பின் அருகே துணிக்குப் போடும் நீலத்தைச் சில சொட்டு விட்டால், கசிவு அதை உள்ளே இழுப்பது தெரியும். நீரின் தன்மையை மாற்றாத அச்சிறு அளவால் ஒளூவுக்குக் குறைவில்லை.

மூன்றாவதாக, மண்ணைக் கவனிக்க வேண்டும். இளையரசனேந்தல் வட்டாரத்தில் நம் காலடியில் இருப்பது கரிசல். ஐப்பசி மழையில் உப்புவதும் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பதும் அதன் இயல்பு. அதன் மேல் கட்டிய சுவரும் தரையும் அதோடு சேர்ந்து அசைகின்றன. கோடையில் வாய் திறந்த வெடிப்பு மழைக்குப் பின் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் வந்து பார்க்கும் கொத்தனார் கசிவே இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வெந்நீர்த் தொட்டிகளிலும் இதே நிலைதான். காஷ்மீரத்துப் பள்ளிவாசல்களின் ஹம்மாம்களில் விறகெரித்துச் செப்புப் பாத்திரத்தில் நீர் சுடவைப்பார்கள். உலோகம் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும். ஆகவே சூட்டில் கசியும் இணைப்பு குளிரில் கசியாதிருக்கலாம். குளிரில் கசிவது சூட்டில் அடைபடலாம். நம் வீட்டு வெந்நீர்க் கொதிகலனுக்கும் இது பொருந்தும்.

இத்தனை காரணங்கள் இருக்க, மனிதரை முதற்காரணமாகக் கொள்வது எவ்வளவு பெரிய அவசரம்!

சரி, நட்டத்துக்கு யார் பொறுப்பு? 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஹவுளில் அரை அங்குலம் இறங்கினால் போவது ஏறத்தாழ 140 லிட்டர். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்ததாக ஹதீஸ் கூறுகிறது. முத்து என்பதை முக்கால் லிட்டர் என்று கொண்டால் (ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடும்), 180 பேருக்கு மேல் ஒளூச் செய்யும் நீர் அது. வக்ஃபின் சொத்து. ஆயினும் சம்பளத்துக்கு வேலை செய்யும் மோதினார் அமானிதம் காப்பவர் என்ற நிலையில் இருக்கிறார். அத்துமீறலோ அலட்சியமோ நிரூபணமாகாதவரை அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவரல்லர் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. அவருடைய கூலியில் கை வைப்பது அநீதி.

முத்தவல்லியும் அமானிதம் காப்பவரே. அவருக்கும் அதே சட்டம்தான். ஆனால் ஹவுளில் நீர் குறைகிறது என்று அவருக்குச் செய்தி எட்டிய பிறகு, பழுது பார்க்க வசதியிருந்தும், "இன்று கசியவில்லையே" என்று சொல்லி விட்டுவிட்டால், அது அலட்சியமாகிவிடும். சந்தேகம் மோதினார் மீது குற்றத்தைச் சுமத்துவதில்லை. முத்தவல்லி மீது ஆராயும் கடமையைச் சுமத்துகிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. ஆராயும் சிரமத்தைவிட, எளிய மனிதர் ஒருவரைக் குறைசொல்வது இலகுவாக இருக்கிறது.

சகோதர சகோதரிகளே! வீடுகளிலும் இதுவே நடக்கிறது. மேல்தொட்டி காலியானால் மருமகள் குழாயை மூடவில்லை என்கிறோம். கைச்செலவுப் பணம் குறைந்தால் வேலைக்கு வரும் பெண்ணைப் பார்க்கிறோம். தொட்டியின் மிதவை வால்வு சில வேளை சிக்கிக்கொள்ளும். கணக்கில் எழுதாத செலவு மறந்துபோகும். ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைத்துப் பார்க்காமல் வாயைத் திறந்தால், கசிவு அடைபட்ட பின்னும் அந்தச் சொல் உள்ளத்தில் நின்றுவிடும்.

மறுபுறத்தில், சந்தேகமே நோயாகிவிடவும் கூடாது. கழுவிய உறுப்பையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு குழாயடியில் நிற்பவர், வஸ்வாஸின் பெயரால் தாமே ஒரு கசிவாகிறார். மூன்று முறை கழுவியாயிற்று என்றால் போதும். அதேபோல், முறைப்படி சோதித்து ஹவுளில் குறையில்லை என்று தெளிந்தால், அத்துடன் நிறுத்திக்கொண்டு அந்தப் பேச்சையும் மறக்க வேண்டும். ஒருவரைப் பற்றித் தவறாகப் பேசியிருந்தால் அவரிடம் சென்று பொருத்தம் தேடிக்கொள்ள வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பள்ளிவாசல்களின் நீரையும், நம்மோடு வாழும் எளியவர்களின் மானத்தையும் காக்கும் நல்லறிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.