கைப்பிடிச் சுவர்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். திருவருகைக் காலத்தின் முதல் வாரம். அடையாற்றங்கரையை அடுத்த தெரு ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்துவந்த நாங்கள் அன்றிரவு இரண்டாம் மாடி வீடொன்றில் ஒன்றுகூடியிருந்தோம். மின்சாரம் இல்லை. தொலைபேசிகள் ஓய்ந்துவிட்டன. ஆற்று நீர் தெருவுக்குள் புகுந்து, வாயிற்கதவைத் தாண்டி, தரைத்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துச் செபமாலை சொன்னோம். பிற சமயத்தைச் சேர்ந்த அயலாரும் எங்களோடு அமைதியாக அமர்ந்திருந்தனர். நள்ளிரவு கடந்தும் செபம் தொடர்ந்தது.

விடிந்தபின் கீழே இறங்கியவர்கள் திகைத்து நின்றோம். தரைத்தளத்தில் தனியே வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, இடுப்பளவு நீர் நின்ற தம் வீட்டில், சாப்பாட்டு மேசையின்மேல் அமர்ந்திருந்தார். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். எவரும் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. "டீச்சரம்மா, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். "கொடுத்தேன். மழைச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. மழை சற்று ஓய்ந்தபின் நீங்கள் மேலே செபமாலை சொல்வது எனக்குக் கேட்டது. நானும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் குரலில் குறைகூறும் தொனி சிறிதும் இல்லை. அதுதான் எங்களை இன்றளவும் உறுத்துகிறது.

அன்றிரவு நாங்கள் செபித்தது தவறா? இல்லை. இடர் வரும்போது தந்தையை நோக்கிக் கைகளை விரிப்பது பிள்ளைகளின் உரிமை. தவறு அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. ஆறு வற்றிக் கிடந்த கோடை நாள்களில், "வெள்ளம் வந்தால் டீச்சரம்மாவை மேலே அழைத்து வருபவர் யார்?" என்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நாங்கள் ஓர் அழகான பெயரும் வைத்திருந்தோம்: "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." வரவிருக்கும் இடருக்கு ஆயத்தம் செய்வது நம்பிக்கைக் குறைவா? அன்றி, ஆயத்தமின்றி இருப்பதுதான் அன்பின் குறைவா? இக்கேள்வியை நம் மனச்சான்றின் முன் வைத்துச் சற்றே சிந்திப்போம்.

சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் கடலை நோக்கி ஒரு கம்பம் நிற்பதை நாம் அறிவோம். கரை ஒதுங்கிய மாபெரும் மரமொன்றைப் புனித தோமையார் தம் இடைக்கச்சையால் இழுத்து வந்தார் என்றும், அதை நட்ட இடத்தைக் கடல் தாண்டாது என்றும் மயிலை மரபு சொல்லும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தபோது, பேராலயத்துக்கு ஊறு நேரவில்லை. தோமையாரின் கம்பம் காத்தது என்று பலரும் நெஞ்சு நெகிழ்ந்து நன்றி கூறினர். அந்த நன்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அதே கரையில் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்தில் குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டன. மனித உயிர்கள் பறிபோயின. கம்பத்துக்கு இப்பால் இருந்தவர்களை இறைவன் காத்தார் என்றால், அப்பால் இருந்தவர்களை அவர் கைவிட்டாரா? கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள் வேளாங்கண்ணியில் கரையோரம் நின்ற திருப்பயணியர் நூற்றுக்கணக்கில் மாண்டார்களே, அவர்களுக்கு நம்பிக்கை குறைவாக இருந்ததா?

இக்கேள்விக்கு நம் ஆண்டவரே விடை தந்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்கிறார் இயேசு. அத்தோடு நிறுத்தாமல், உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து மனம் மாறுங்கள் என்கிறார். மாண்டவர்களின் பாவத்தைத் தேடாதீர்கள், உங்கள் வாழ்வைத் திருத்துங்கள் என்பதே அதன் பொருள். பேரிடரில் தப்பியவர் தம்மைத் தேர்ந்துகொள்ளப்பட்டவராக எண்ணி மகிழ்வதற்கு அங்கே இடமில்லை.

சாந்தோமுக்கு 1606-இல் மறைமாவட்டம் அமையக் காரணமாயிருந்தது போர்ச்சுகல் நாடு. அந்நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் பெருவிழாவன்று, கோவில்கள் நிறைந்திருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. கோவில்கள் இடிந்தன, தீப்பற்றியது, கடல் பொங்கி ஏறியது. இறைவனின் நன்மைத்தனத்தைப் பற்றி ஐரோப்பா முழுவதும் சொற்போர் எழுந்தது. அப்போது ரூசோ என்னும் சிந்தனையாளர், அத்தனை உயரமான வீடுகளை அத்தனை நெருக்கமாக அங்கே கட்டியது இயற்கை அல்லவே என்று வால்டேருக்கு எழுதினார். நகரை மீண்டும் கட்டியவர்கள் சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டு போல் பிணைத்து அதிர்வைத் தாங்கச் செய்தார்கள். நிலம் அதிர்வது நம் கையில் இல்லை. வீடு எப்படி நிற்கிறது என்பது நம் கையில் உண்டு என்பதை அந்நகரம் விலை கொடுத்துக் கற்றது.

நம் நகருக்கும் இது பொருந்தும். இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நீண்ட ஏரியாக இருந்தது. 1920-களில் அதை வற்றச் செய்து மனைகளாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' என்னும் பெயர் தாங்கிய சாலை இன்றும் உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. மழை பெய்யும்போது நீர் தன் பழைய முகவரியைத் தேடி வருகிறது. நாம் அதை வெள்ளம் என்கிறோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அந்தப் பேரிடர் மனிதரால் நேர்ந்தது என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறியது. வானம் பொழிந்தது உண்மை. ஆனால் வானத்தின்மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

நிலநடுக்கம் நமக்கில்லை என்பதும் ஒரு பொய்யான ஆறுதல். 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட அதிர்வைச் சென்னை மக்கள் உணர்ந்தார்கள். 2002-இல் வெளிவந்த கட்டடநெறி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதே 2001-இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாதில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றுள் பல, கீழ்த்தளத்தில் சுவர்களின்றித் தூண்களை மட்டும் நிறுத்தி, வண்டி நிறுத்தமாக விடப்பட்டவை. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் நம் வீடுகள் எப்படி நிற்கின்றன என்று குனிந்து பார்த்தால் போதும். தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் நெருக்கமாக இருக்கின்றனவா, அவற்றின் முனைகள் உள்நோக்கி வளைக்கப்பட்டுள்ளனவா என்பது, காங்கிரீட் போட்டபின் எவர் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்மையாக இருப்பதற்குத்தானே அறம் என்று பெயர்!

வீடு கட்டுவது அறம் சார்ந்த செயல் என்பது புதிய கருத்தன்று. இணைச்சட்ட நூலில் மிக எளிய கட்டளை ஒன்று உண்டு: புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். எத்துணை ஆழமான பார்வை! விழப்போகிறவர் யார் என்று தெரியாது. என்று விழுவார் என்றும் தெரியாது. ஒருவேளை எவரும் விழாமலே போகலாம். ஆயினும், முகமறியாத அந்த மனிதருக்காக இன்றே செங்கல் அடுக்க வேண்டும். அடுத்தவரை அன்பு செய்வது என்பது நம் முன் நிற்பவரை மட்டும் அன்பு செய்வதன்று. நாளை வரப்போகிறவரையும் இன்றே நினைத்துக்கொள்வது.

அதனால்தான் திருச்சபையின் மரபு முன்மதியைத் தலையாய நற்பண்புகளுள் ஒன்றாக வைத்தது. புனித தாமஸ் அக்குவினாஸ், எதிர்வருவதை நோக்கும் ஆற்றலையே முன்மதியின் முதன்மைக் கூறாகக் காட்டுகிறார். அதற்கு அவர் கையாளும் இலத்தீன் சொல், இறைப்பராமரிப்பைக் குறிக்கும் அதே சொல். ஆகவே இறைவனின் பராமரிப்பும் மனிதரின் முன்னேற்பாடும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பார்வோனின் களஞ்சியங்களை ஏழாண்டுகள் நிரப்பிய யோசேப்பு நம்பிக்கையற்றவரா? மயிலையோடு மரபு இணைத்துப் பேசும் வள்ளுவரும், வருமுன் காப்பதை அறிவுடைமையின் அடையாளமாகவே கண்டார். மாறாக, கோவில் உச்சியிலிருந்து குதித்துவிடு, வானதூதர் தாங்குவர் என்று சொன்னவன் அலகை. அதை நம்பிக்கை என்று இயேசு ஏற்கவில்லை. இறைவனைச் சோதிப்பது என்றார். 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடும்போது, நாம் எந்தக் குரலுக்குச் செவி சாய்க்கிறோம்?

இங்கே இன்னொரு சோதனையும் உண்டு. ஆயத்தம் என்பது தன்னலமாகவும் மாறலாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் போட்டதால் நம் தெருக்கள் உயர்ந்துவிட்டன. பழைய வீடுகள் பள்ளத்தில் ஆழ்ந்துவிட்டன. வசதியுள்ளவர் இடித்துவிட்டு உயர்த்திக் கட்டுகிறார். சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அவர்கள் வாயிலில் நிற்க வேண்டிய நீர் எங்கே போகும்? உயர்த்த வழியில்லாத பக்கத்து வீட்டுக்குள் போகும். என் பாதுகாப்பு அடுத்தவரின் ஆபத்தாக மாறுமானால், அதைக் கைப்பிடிச் சுவர் என்று சொல்ல முடியுமா? பத்துத் தோழியர் உவமையில் முன்மதியுள்ளோர் தம் எண்ணெயைப் பகிரவில்லையே என்று நாம் மனம் வருந்துவதுண்டு. நள்ளிரவில், கதவடைக்கும் நேரத்தில் பகிர்வது கடினம். பகல் வெளிச்சத்தில், கடை திறந்திருந்த வேளையில், "உன் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா?" என்று ஒரு தோழி மற்றவளைக் கேட்டிருந்தால்? நாம் செய்யக்கூடியது அந்தப் பகல்நேரக் கேள்வியே.

அப்படியானால் பகலில் செய்ய வேண்டியவை எவை? துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்வரை காத்திராமல், ஐப்பசி மழைக்கு முன்பே மொட்டைமாடியில் கிடக்கும் தகரங்களையும் பூந்தொட்டிகளையும் அகற்றலாம். குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், திருமுழுக்குச் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வைக்கலாம். நீர் உள்ளே ஏறுமுன் மெயின் சுவிட்சை அணைக்கவும், எரிவாயு உருளையை மூடவும் வீட்டிலுள்ள அனைவருக்கும் கற்றுக்கொடுக்கலாம். புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று அடங்கி, பின்பு எதிர்த்திசையில் வீசும் என்பதை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் கண்டோம். அந்த அமைதியை நம்பி வெளியே வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நிலம் அதிரும்போது படிக்கட்டை நோக்கி ஓடாமல் உறுதியான மேசையின் கீழ் ஒடுங்கலாம். கடலோரம் வாழ்பவர் வலுவான அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, எவர் சொல்லுக்கும் காத்திராமல் மேட்டுக்கு விரையலாம். 2004-இல் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தபின் நம் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த நேரம் இருந்தது. அதைப் பயன்படுத்தும் அறிவும் ஏற்பாடும்தான் இல்லை. ஐதராபாதில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-இல்தான் தொடங்கப்பட்டது. எச்சரிக்கை கடைசிக் குடிசைவரை சென்று சேர்கிறதா என்பது நம் அனைவரின் பொறுப்பு.

பங்கு என்ற நிலையிலும் நாம் செய்யக்கூடியவை பல. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் எத்தனை! ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் தனித்திருப்போர், நடக்க இயலாதோர், தினமும் மருந்து தேவைப்படுவோர் ஆகியோரின் பட்டியலை, சாதி சமயம் பாராமல், எழுதி வைக்கலாம். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவரை அழைத்து வருபவரின் பெயரையும் எழுதலாம். பங்கு மண்டபத்தின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதை அனைவரும் அறியச் செய்யலாம். கடற்கரைக் குப்பங்களில் வாழ்வோரைக் கேட்டு, அவர்களுக்குத் தேவையானதை அவர்களோடு சேர்ந்து திட்டமிடலாம்.

இதைச் சொல்லும்போது வேறொரு நினைவும் எழுகிறது. 2015-இல் வெள்ளம் சூழ்ந்த தெருக்களுக்குள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டவர்களுள் மீனவர்கள் முன்னணியில் நின்றார்கள். டீச்சரம்மாவை எங்கள் கட்டடத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுசென்றதும் மீனவர் படகுதான். கம்பத்துக்கு அப்பால் வாழ்ந்தவர்கள், இப்பால் வாழ்ந்த நம்மைத் தேடி வந்தார்கள். எவரைக் காப்பது நம் கடமை என்று கேட்பதற்கு முன், நம்மைக் காத்தவர் எவர் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

அடுத்த ஆண்டு மழைக்கு முன்பு எங்கள் மாடிப்படியின் அருகே ஒரு தாள் ஒட்டப்பட்டது. அதன் முதல் வரியில் டீச்சரம்மாவின் பெயரும், எதிரே முதல் மாடி இளைஞர் ஒருவரின் பெயரும் இருந்தன. டீச்சரம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லை" என்று மட்டும் சொன்னார். அதன்பின் மழை இரவுகளில் நாங்கள் செபமாலை சொல்லும்போது அவரும் எங்கள் நடுவே அமர்ந்து சொன்னார்.

நம் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா? இல்லையெனில், வானம் தெளிந்திருக்கும் இன்றே எழுதுவோம். அதுவும் ஒரு கைப்பிடிச் சுவரே. அதுவும் ஒரு செபமே.