வீரரைத் தடுக்கும் அதிகாரமும் அதன் அளவும்

ஒரு கிரிக்கெட் வீரர் எந்தத் தொடரில் ஆடலாம், எதில் ஆடக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருடைய நாட்டின் கிரிக்கெட் சபையிடம் இருக்கிறது. சபையின் அனுமதி இல்லாமல் நடக்கும் தொடரைக் கிளர்ச்சித் தொடர் என்று அழைப்பது வழக்கம். அதில் ஆடியவருக்குத் தேசிய அணியின் கதவோடு உள்ளூர்க் கழகத்தின் கதவும் சேர்த்தே அடைபடுவதுண்டு. வேறு தொழில்களில் முதலாளியை விட்டுப் போகிறவர் பழைய வேலையை மட்டும் இழப்பார். கிரிக்கெட் வீரரோ தொழிலையே இழக்கிறார். இத்தனை வலுவுள்ள அதிகாரம் எதுவரை நியாயமானது என்ற கேள்விக்கு இலங்கையின் அனுபவம், குறிப்பாகக் கண்டியின் இரண்டு மைதானங்கள் கண்டது, நல்ல உரைகல்.

சபைகள் முதலில் சொல்லும் நியாயம், வீரரை வளர்த்தது தாங்கள் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. கண்டியின் முதல் டெஸ்ட் மைதானமான அஸ்கிரிய, திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமானது. முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகத் தொடங்கியவர். பதினான்கு வயதில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் கல்லூரியின் பயிற்றுநர். இலங்கையில் ஒரு வீரர் உருவாவதில் பாடசாலையும் பெற்றோரும் ஊர்க் கழகமும் சுமந்த செலவு பெரிது. வீரருக்குக் கடன் உண்டு. ஆனால் கடன் கொடுத்தவர் பலர். அவர்களில் ஒருவரான சபை மட்டும் முழு வட்டியையும் கேட்பது முறையாகாது.

இரண்டாவது நியாயம் இதைவிட வலுவானது. வருமானமே இல்லாத மாவட்டப் போட்டிகள், வயதுப்பிரிவு அணிகள், மகளிர் கிரிக்கெட், நடுவர் பயிற்சி ஆகிய அனைத்தும் தேசிய அணியின் ஆட்டங்கள் ஈட்டும் ஒளிபரப்புப் பணத்தில்தான் நடக்கின்றன. புகழ்பெற்ற வீரர்கள் தனியார் தொடருக்குப் போய்விட்டால் அந்த ஊற்று வற்றும். தனியார் முதலாளி நட்சத்திரங்களை வாங்குவார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வலைப்பயிற்சி போட்டுக் கொடுக்க மாட்டார். ஆகவே சபைக்குச் சில கட்டுப்பாடுகள் தேவை என்பதை மறுக்க முடியாது. எந்தக் காரணத்துக்காக, எந்த அளவுக்கு என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

காரணம் நியாயமாக இருந்தும் அளவு தவறியதற்கு 1982 சான்று. அந்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது. தலைவர் பந்துல வர்ணபுர. இலங்கையின் முதல் டெஸ்ட் பந்தை எதிர்கொண்டவரும் முதல் ஓட்டத்தை எடுத்தவரும் அவரே. எட்டு மாதங்கள் கழித்து அவர் உட்படப் பதினான்கு வீரர்கள், முன்னாள் இலங்கை வீரர் டோனி ஒப்பாத்த ஏற்பாடு செய்த ‘அரோசா ஸ்ரீலங்கா’ என்ற அணியாகத் தென்னாபிரிக்காவுக்குப் போனார்கள். நிறவெறி ஆட்சியால் 1970 முதல் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த நாடு அது. சபை அவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதித்தது.

அந்தப் பயணம் தவறு என்பதில் தயக்கம் வேண்டாம். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழரின் பேரப்பிள்ளைகளும் அந்த ஆட்சியின் கீழ் சரிநிகர் உரிமையின்றி வாழ்ந்தவர்கள். கண்டி மலைகளின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் நேட்டாலுக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வறுமையால் கப்பலேறியவர்கள். அந்த ஆட்சிக்கு விளையாட்டின் வழியே நற்பெயர் தேடித்தர ஒரு இலங்கை அணி உதவியது. டெஸ்ட் தகுதி கிடைத்து ஓராண்டே ஆகியிருந்த நாட்டுக்கு அதைப் பறிகொடுக்கும் அச்சமும் இருந்தது. தடை தேவைதான்.

ஆனால் 25 ஆண்டு? அதே 1982இல் தென்னாபிரிக்காவுக்குப் போன கிரஹம் கூச் உள்ளிட்ட இங்கிலாந்து வீரர்களுக்குக் கிடைத்தது மூன்று ஆண்டுத் தடை. கூச் திரும்பி வந்து இங்கிலாந்துக்குத் தலைமையும் தாங்கினார். வர்ணபுரவுக்கு அப்போது வயது 29. தடை முழுமையாக நீடித்திருந்தால் 54 வயதில்தான் விடுதலை. அவருக்கு எஞ்சியிருந்த ஆட்டக்காலத்தைப்போல் பல மடங்கு அது. தென்னாபிரிக்கா உலக கிரிக்கெட்டுக்குத் திரும்பும் தறுவாயில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் அவர்களின் ஆட்டவயது கடந்துவிட்டது. அந்த அணியில் போன அனுர ரணசிங்க 1998இல், 42 வயதில் காலமானார். ஒரே குற்றத்துக்கு ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் இருபத்தைந்து என்றால், அந்த வேறுபாட்டைக் குற்றத்தைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. தண்டிப்பவரின் அச்சம் தண்டனைக்குள் புகுந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

தடை விதித்துச் சில மாதங்களில், 1983 ஏப்ரலில், அஸ்கிரியவில் முதல் டெஸ்ட் நடந்தது. அவுஸ்திரேலியா 4 விக்கெட்டுக்கு 514 ஓட்டங்களில் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, இன்னிங்ஸாலும் 38 ஓட்டங்களாலும் வென்றது. அந்த ஓட்டப்பட்டியலை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் தலைவர் கிரெக் செப்பல். பந்துவீசியவர்களில் டெனிஸ் லில்லி. சதமடித்தவர்கள் டேவிட் ஹூக்ஸ், 143 ஆட்டமிழக்காமல்; கெப்லர் வெசல்ஸ், 141. நால்வருமே அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பெக்கர் 1977இல் தொடங்கிய கிளர்ச்சித் தொடரில் ஆடியவர்கள். வெசல்ஸ் தென்னாபிரிக்காவில் பிறந்து அங்கிருந்து வந்தவர். இலங்கைப் பக்கம் பத்தொன்பது வயது அர்ஜுன ரணதுங்க 90 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கையின் முதல் டெஸ்ட் தலைவருக்கோ எந்த மைதானத்திலும் இடமில்லை.

பெக்கரிடம் போனவர்கள் இப்படி ஏற்கப்பட்டதற்கு ஒரு வழக்கும் காரணம். அவர்களைத் தடைசெய்ய சர்வதேச சபையும் இங்கிலாந்துச் சபையும் முயன்றபோது டோனி கிரேக், ஜோன் ஸ்னோ, மைக் புரொக்டர் ஆகிய வீரர்கள் லண்டன் உயர் நீதிமன்றம் போனார்கள். 1977 நவம்பரில் நீதிபதி ஸ்லேட் அந்தத் தடை ஒருவர் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற முட்டுக்கட்டை என்று தீர்ப்பளித்தார். பெக்கரின் வீரர்கள் போனது கூலிக்காக. எவருடைய மானத்தையும் அவர்கள் விலைபேசவில்லை. 1982இன் வீரர்கள் போன இடமோ மனிதரை நிறத்தால் தரம் பிரித்த இடம். இந்த இரண்டையும் ‘கிளர்ச்சி’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது அறக்குழப்பம்.

அந்தக் குழப்பம் 2007இல் திரும்பவும் வந்தது. சீ தொலைக்காட்சிக் குழுமம் இந்தியாவில் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக்கை இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை ஏற்கவில்லை. அதில் சேர்ந்த மாவன் அத்தபத்து, ரசல் ஆர்னல்ட், உபுல் சந்தன, அவிஷ்க குணவர்தன, சமன் ஜயந்த ஆகிய ஐவருக்கும் இலங்கைச் சபை உள்ளூர்ப் போட்டிகளில் தடை விதித்தது. அத்தபத்துவும் ஆர்னல்டும் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தார்கள். தேசிய அணிக்கு அவர்களால் நட்டமில்லை. அவர்களோடு கழக ஆட்டத்தில் ஆடிப் பழக வேண்டிய இளையோருக்குத்தான் நட்டம். அதே காலத்தில் முரளிதரன், இந்தியச் சபையே நடத்திய ஐபிஎல் தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆடினார். அவருக்குப் பாராட்டுதான் கிடைத்தது. இரண்டும் இந்தியாவில் நடந்த இருபது ஓவர் ஆட்டம், இரண்டும் பணத்துக்காக. வேறுபாடு ஒன்றுதான்: ஒன்றின் வருமானம் இந்தியச் சபைக்குப் போனது, மற்றதன் வருமானம் போகவில்லை. 2008இல் உள்ளூர்த் தடையை நீக்கியது, அஸ்கிரியவில் அன்று 90 ஓட்டங்கள் எடுத்த அர்ஜுன ரணதுங்கவின் தலைமையிலான நிர்வாகம்.

இங்கே இன்னொரு சிக்கல் தெரிகிறது. சபை நீதிபதியாகவும் வணிகராகவும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. போட்டித் தொடர்களுக்கு இடம் தராத போக்குக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2013இல் இந்தியச் சபைக்கு 52.24 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதனால்தான். இலங்கையிலும் சபையே லங்கா பிரீமியர் லீக்கை நடத்துகிறது. அதில் கண்டியின் பெயரைத் தாங்கிய அணி 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களில் டஸ்கர்ஸ், வாரியர்ஸ், ஃபல்கன்ஸ், பி-லவ் என்று நான்கு பெயர்களில் ஆடியது. 2022 ஜனவரியில் சபை புதிய விதிகளைக் கொண்டு வந்தது: ஓய்வு பெற மூன்று மாத முன்னறிவித்தல், ஓய்வுக்குப் பின் ஆறு மாதம் கழித்தே வெளிநாட்டு லீக்குக்குத் தடையில்லாச் சான்றிதழ், லங்கா பிரீமியர் லீக்கில் ஆட உள்ளூர் ஆட்டங்களில் 80 வீதம் ஆடியிருத்தல். இவற்றில் மூன்றாவது உள்ளூர் ஆட்டத்தைக் காக்கிறது, அதை ஏற்கலாம். ஓய்வு பெற்றவரைக் காக்கவைப்பது யாரைக் காக்கிறது என்பதற்கு விடை எளிதில் கிடைக்காது.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தையும் மறைக்கக் கூடாது. குறுகிய கால முதலாளிகள் நடத்தும் தொடர்கள் சூதாட்டத்துக்கு வாசல் திறக்கும். 2024 மார்ச்சில் கண்டியின் மற்ற மைதானமான பல்லேகலையில் ஓய்வுபெற்ற வீரர்களின் தொடர் ஒன்று நடந்தபோது ஆட்டநிர்ணய முறைப்பாட்டில் கைதுகள் நடந்தன. வீரர்களுக்குச் சம்பளம் கிடைப்பதையும் ஆட்டம் நேர்மையாக நடப்பதையும் கண்காணிக்க ஒரு பொறுப்பான கை வேண்டும். ஆனால் அதற்கான மருந்து தொடரை நடத்துபவரைச் சோதித்து அனுமதிப்பதும், குற்றம் செய்தவரைத் தண்டிப்பதுமே. 2019இன் 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆட்டநிர்ணயம் இலங்கையில் பத்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குற்றத்தைத் தண்டிக்க நாட்டில் சட்டம் இருக்கும்போது, குற்றமற்ற வீரரின் பிழைப்பைப் பிணையாக வைக்கத் தேவையில்லை.

தண்டனை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் அரசுத் தலையீட்டைக் காரணம் காட்டி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கைச் சபையை இடைநிறுத்தியது. அதன் விளைவாக, இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாறியது. பெரியவர்களின் பிணக்குக்கு, சொந்த ஊர் மைதானத்தில் ஆடும் வாய்ப்பைப் பிள்ளைகள் இழந்தார்கள்.

வீரருக்கும் கடமை உண்டு. கையொப்பமிட்ட ஒப்பந்தக் காலத்தில் நாட்டு அணிக்கு ஆட வேண்டும். பெறுகிற பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மனிதரைத் தாழ்த்தும் ஆட்சிக்குத் தன் திறமையை விற்கக் கூடாது. இந்த எல்லைக்குள் அவர் எங்கே உழைக்கிறார் என்பது அவர் உரிமை. ஒரு துடுப்பாட்ட வீரரின் உழைக்கும் காலம் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளே.

எனவே ஒரு தடை அறத்துக்கு ஏற்றதாக இருக்க நான்கு நிபந்தனைகள் வேண்டும். அது ஆட்டத்தின் நேர்மையையோ மனித மாண்பையோ காக்க வேண்டும். வருமானத்தைக் காக்க விதிக்கப்படக் கூடாது. அதன் காலம் குற்றத்துக்கு ஏற்ப அமைந்து, வாழ்க்கை முழுவதையும் விழுங்காமல் இருக்க வேண்டும். அது செய்தவரோடு நிற்க வேண்டும். உள்ளூர்க் கழகத்தையும் இளையோரையும் தொடக் கூடாது. சபைக்கு வணிக நலன் உள்ள இடத்தில் தீர்ப்பு வேறொருவரிடம் இருக்க வேண்டும். இவற்றால் அளந்தால் 1982இன் தடை முதல் நிபந்தனையில் தேறி இரண்டாவதில் தோற்கிறது. 2007இன் தடை நான்கிலும் தோற்கிறது.