உறுதியற்ற அறிவும் உறுதியான கடமையும்

தீங்கு வரும் எனத் திண்ணமாய் அறிந்திருந்தும் வாளாவிருப்பவனை உலகம் குற்றவாளி என்கிறது. அது வரும் என்பதையே அறியாதவனை மன்னித்துவிடுகிறது. ஆனால், 'வரலாம், வராமலும் போகலாம்' என்ற அளவில் மட்டும் அறிந்தவனின் நிலை யாது? நமக்குள்ள அறிவில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகையைச் சார்ந்ததே. எனினும் அது நம்மீது சுமத்தும் கடமையைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு. வடதுருவத்திற்கு மேலே, மிக உயர்ந்த வானில் நிகழும் ஒரு மாற்றம் இந்தக் கேள்வியைத் தெளிவாக நம்முன் வைக்கிறது.

குளிர்காலத்தில் வடதுருவத்தில் கதிரவன் தோன்றுவதில்லை. அந்த நீண்ட இரவில், தரைக்கு மேலே ஏறத்தாழ 10 முதல் 50 கிலோமீட்டர் உயரம்வரை பரந்துள்ள அடுக்கு மண்டலத்தின் காற்று கடுமையாகக் குளிர்ந்து, துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக விரைகிறது. இதனையே துருவச் சுழல் என்பர். மாபெரும் மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் காற்றில் பேரலைகளை எழுப்புகின்றன. அவை மேலேறி உடையும்போது சுழலின் விரைவு தடைப்படுகிறது. சில ஆண்டுகளில் அச்சுழல் நிலைகுலைந்து, மேற்குக் காற்று கிழக்குக் காற்றாகவே திரும்பிவிடுகிறது. அப்போது துருவத்தின் மேலுள்ள காற்று கீழிறங்கி, அழுத்தமுற்று, வெப்பமடைகிறது. சில நாள்களுக்குள் வெப்பநிலை 50 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்வதும் உண்டு.

இந்தத் திடீர் வெப்பத்தை 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெர்லின் நகரின்மேல் பறந்த வானிலை பலூன்களின் அளவீடுகளில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் ரிச்சர்டு ஷெர்ஹாக். அலைகளே அதற்குக் காரணம் என்பதை 1971இல் விளக்கியவர் ஜப்பானிய அறிஞர் தாரோ மட்சுனோ. சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு ஆறு முறை இது நிகழ்கிறது. ஆனால், இயற்கை நம் சராசரிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. 1989இன் தொடக்கத்தில் நிகழ்ந்த பின், 1998 டிசம்பர்வரை பெரும் வெப்பம் ஒன்றுகூட நிகழவில்லை.

மேலே தோன்றிய இக்குலைவு, அடுத்துவரும் வாரங்களில் மெல்லமெல்லக் கீழிறங்கி நிலத்தின் வானிலையைத் தொடக்கூடும். அட்லாண்டிக் கடலிலிருந்து இளஞ்சூட்டைக் கொணரும் மேற்குக் காற்று தளர்ந்து தெற்கே விலக, சைபீரியாவின் கடுங்குளிர் ஐரோப்பாவுக்குள் நுழைய வழி பிறக்கிறது. உயரே வெப்பம், நிலத்தில் குளிர்! ஆனால் 'தொடக்கூடும்' என்றுதான் கூற இயலும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை அது நிலத்தைத் தொடுகிறது. மூன்றில் ஒரு முறை தொடாமலே அடங்கிவிடுகிறது.

அடுத்தடுத்த இரு குளிர்காலங்களை எண்ணிப் பார்ப்போம். 2018 பிப்ரவரி 12இல் துருவச் சுழல் பிளவுற்றது. அம்மாத இறுதியில் ஐரோப்பா உறைந்தது. பிப்ரவரி 26 அன்று, பனியை அரிதாகவே காணும் உரோமை நகரம் வெண்போர்வை போர்த்துக் கிடந்தது; தூய பேதுரு சதுக்கமும் அவ்வாறே. பிரிட்டனில் சாலைகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. 2019 சனவரியின் தொடக்கத்தில் மீண்டும் அதே வெப்பம் உயரே தோன்றியது. குளிருக்கான வாய்ப்பு மிகுந்துள்ளது என்று அறிஞர்கள் எச்சரித்தனர். ஆனால் 2019 பிப்ரவரி 26 அன்று இலண்டனின் கியூ தோட்டத்தில் பதிவானதோ 21.2 பாகை செல்சியஸ்! குளிர்காலத்தில் பிரிட்டன் அதுவரை கண்டிராத வெப்பம் அது.

எனில், 2019இல் எச்சரித்தவர்கள் பொய்யுரைத்தவர்களா? 'புலி வருகிறது' என்று விளையாட்டாய்க் கூவிய சிறுவனோடு அவர்களை ஒப்பிடுவது முறையாகுமா? ஆகாது. அச்சிறுவன் காணாத புலியைக் கண்டதாகச் சொன்னான். இவர்களோ கண்ட தடயத்தை, அதன் அளவு குறையாமலும் கூடாமலும் சொன்னார்கள். கேட்பவர்களாகிய நாமே, 'வருமா, வராதா? ஒன்றைச் சொல்லுங்கள்' என்று வற்புறுத்துகிறோம். அவ்வற்புறுத்தலுக்கு இணங்கி, ஐயத்தை மறைத்து அச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது சொல்பவருக்கு நேரும் சோதனை. கேட்பவருக்கு நேரும் சோதனையோ இதனினும் கொடியது. 'உறுதியாகத் தெரியவில்லையே' என்பதை ஒன்றும் செய்யாமைக்குச் சாக்காக்கிக் கொள்வதே அது.

அச்சாக்கு எத்துணை விலை கேட்கும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சான்று. 2011 பிப்ரவரியில் அங்கு வீசிய குளிரில் மின்நிலையங்கள் பல செயலிழந்தன. அவற்றைக் குளிர் தாங்குமாறு காப்பிட வேண்டும் என்று நடுவண் அமைப்புகளின் அறிக்கை அவ்வாண்டே பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது, கட்டாயமாகவில்லை. 2021 சனவரியில் துருவத்தின்மேல் மீண்டும் திடீர் வெப்பம் தோன்றியது. பிப்ரவரியில் டெக்சாசில் கடுங்குளிர் இறங்கியது. டாலஸ் நகரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 19 பாகை அளவுக்குச் சரிந்தது. முதலதே இரண்டாவதற்குக் காரணமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆனால், அம்மாநில அரசின் கணக்குப்படி இறந்தோர் 246 பேர். இருண்ட வீடுகளில் விறைத்து இறந்தவர்கள் பலர். சூடு தேடி வீட்டுக்குள் எரித்தவற்றின் நச்சுப்புகையால் மாண்டவர்களும் உண்டு. மின்நிலையங்களைக் காப்பிடுவதைச் சட்டம் கட்டாயமாக்கியது அதன் பின்னரே.

குளிர் எந்நாளில் வரும் என்பதை 2011இல் எவரும் அறிந்திருக்க முடியாது. என்றேனும் ஒருநாள் வரும் என்பதை அனைவரும் அறிந்திருக்க முடியும். கடமைக்கு அவ்வறிவே போதுமானதாயிருந்தது.

எனவே, 'நமக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும்?' என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. 'நாம் தவறினால் அத்தவற்றின் சுமையை யார் தாங்குவார்?' என்றும் கேட்க வேண்டும். ஆயத்தமாகியும் குளிர் வராவிட்டால், வீணாவது பொதுப்பணத்தில் சிறிது; அதை அனைவரும் பகிர்ந்துகொள்வோம். ஆயத்தமாகாத நிலையில் குளிர் வந்துவிட்டாலோ, அதைத் தாங்குபவர் தெருவில் உறங்குபவரும், தனித்து வாழும் முதியவரும், மூச்சுக்கருவியின் துணையால் உயிர்வாழும் நோயாளியுமே. முடிவெடுக்கும் நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் அவர்களுள் ஒருவராயிருப்பது அரிது.

இரு சுமைகளும் சமமானவை அல்ல என்பது தெளிந்துவிட்டால், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு மட்டுமன்று, பத்தில் ஒரு பங்கு வாய்ப்பும் நம்மைச் செயலுக்கு அழைக்கும். கூடுதலாகச் சில கம்பளிகள், திறந்து வைக்கப்பட்ட ஒரு கூடம், அண்டை வீட்டு முதியவரிடம் ஒருமுறை விசாரித்தல் ஆகியவற்றுக்கு முழு உறுதி தேவையில்லை. குளிர் வராமற்போனால், 'வீணாயிற்றே' என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. அடுத்த குளிர்காலத்திலும் அக்கம்பளிகள் பயன்படும்.