எள்ளலும் புண்பட்ட மனமும்

சில நிமிடங்களுக்குள் ஒரு சூழலைக் காட்டிச் சிரிக்கவைத்து முடிந்துவிடும் குறுநகைச்சுவைக் காட்சி, இணையத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அடைந்த வளர்ச்சியைப் பலர் தொழில்நுட்பத்தின் கதையாகவே சொல்லி வருகின்றனர். அந்த வளர்ச்சியோடு சேர்ந்து பழைய அறக்கேள்வி ஒன்றும் புதிய வடிவம் பெற்றிருக்கிறது. புனிதமாகக் கருதப்படும் ஒன்றை எள்ளிச் சிரிக்க யாருக்கு உரிமை உண்டு, அந்த உரிமை எதிலிருந்து பிறக்கிறது என்பதே அக்கேள்வி.

திரைப்படத்தின் நடுவே தனித்தடமாக ஓடிய நகைச்சுவையும், 2000-களில் விஜய் தொலைக்காட்சியில் வந்த ‘லொள்ளு சபா’வின் திரைப்படப் பகடிகளும், அதாவது அறியப்பட்ட ஒரு படைப்பின் நடையையே திருப்பி வைத்துக் கேலி செய்தவையும், இவ்வடிவத்தின் அண்மைய முன்னோர்கள். 2005-இல் யூடியூப் தோன்றிப் பத்தாண்டுகள் கழிந்த நிலையில், புட் சட்னி, ஸ்மைல் சேட்டை, மெட்ராஸ் சென்ட்ரல் ஆகியவை தமிழில் பரவலாகப் பார்க்கப்பட்டன; கோயம்புத்தூரிலிருந்து எருமசாணியும் நக்கலைட்ஸும் வந்தபோது கொங்குப் பேச்சு, சென்னைப் பேச்சின் இசைவைக் கேட்காமலே நகைச்சுவையின் மொழியாயிற்று. மெட்ராஸ் சென்ட்ரலில் அறிமுகமான கோபியும் சுதாகரும் பின்னர் ‘பரிதாபங்கள்’ என்ற பெயரில் தனித்து இயங்கினர். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபின் அதில் பழகிய சிற்றூர் நடிகர்கள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கும் யூடியூப் ஷார்ட்ஸுக்கும் பெயர்ந்தனர். செங்குத்தான அந்தத் திரையில் குழு தேவையில்லை. தோளில் கிடக்கும் துண்டைத் தலையில் போட்டால் தாய், இடுப்பில் கட்டினால் மாமன் என ஒரே ஆள் ஒரு குடும்பத்தையே நடித்துவிடலாம். இராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசிச் சாலையில் உள்ள சேத்தூர் போன்ற ஊரில் இருப்பவருக்கும் இதற்கு ஒரு கைப்பேசி போதும்.

ஒருவரே பலராவது சேத்தூர் வட்டாரத்துக்குப் புதிதன்று. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நிகழும் அரையர் சேவை, ஆழ்வார்களின் பாசுரங்களை இசையோடு பாடி, அபிநயித்து, உரை சொல்லும் வழிபாட்டுக் கலை. திருவரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் வழங்கும் இக்கலையை நாதமுனிகள் ஏற்படுத்தியதாக வைணவ மரபு கூறும். அதில் முத்துக்குறி என்னும் பகுதியில், குல்லாயும் கையில் தாளமும் கொண்ட அரையர் ஒருவரே, காதலால் வாடும் மகளாகவும் கவலைப்படும் தாயாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி நிற்கிறார். வேடம் மாறுவதில்லை, குரலும் நிலையும் மட்டுமே மாறுகின்றன. திருவில்லிபுத்தூரினரான பெரியாழ்வார், கண்ணனின் குறும்பைப் பாடும்போது ஆயர்பாடிப் பெண்களின் குரலை எடுத்துக்கொண்டு, வெண்ணெய் திருடியவன்மேல் யசோதையிடம் முறையிடுகிறார். பரம்பொருளை அண்டை வீட்டுப் போக்கிரிப் பிள்ளையாக்கி வசைபாடும் அந்த நகையை எந்த ஆசாரியரும் நிந்தனையாகக் கொள்ளவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்திலும், கிழவனாக வரும் முருகனை வள்ளி எள்ளி நகையாடுவதைக் கோயில் திடலில் அமர்ந்து அவன் அடியார்களே இரவெல்லாம் கேட்டுச் சிரிக்கின்றனர்.

இலக்கணம் இதை எவ்வாறு கண்டது என்பது கருதத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அதற்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. குழந்தைத்தன்மை, அறியாமை, எதையும் எளிதில் நம்பிவிடும் மடமை ஆகிய மூன்றும் பிறருக்குத் தீங்கில்லாதவை. எள்ளல் ஒன்றே குறிவைத்துச் செய்யப்படுவது. பரதரின் நாட்டிய சாஸ்திரமோ இறுதியில் ஒரு கதையையே தருகிறது: கலையில் தேர்ந்த செருக்கால் பரதரின் புதல்வர்கள் முனிவர்களைக் கேலி செய்து ஓர் அங்கதக் கூத்து நிகழ்த்த, சினந்த முனிவர்கள் அவர்கள் தம் குலநிலையை இழந்து சூத்திரராகுமாறு சபித்தனர். இதற்கு மாறாக, ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காபாலிகன், பாசுபதன் என்னும் சைவத் துறவிகளையும் பௌத்தத் துறவியையும் ஒருசேரக் கிண்டலடிக்கிறது. அரியணையில் இருந்தவனைச் சபிக்க யாரும் துணிந்ததாகச் செய்தி இல்லை. எள்ளலின் குற்றம் அது எதைத் தொடுகிறது என்பதைவிட, எவர் எவரை நோக்கி எள்ளினார் என்பதிலேயே அளக்கப்பட்டுவந்தது என்று இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லத் தோன்றுகிறது. நடிகர் எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகத்துக்கு எழுந்த எதிர்ப்பின் பின்னணியில் 1954-இல் சென்னை மாநிலத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் இந்த வரிசையில்தான் அடங்கும்.

திடலில் நிகழ்ந்த எள்ளலுக்கு நாள், இடம், கூட்டம் மூன்றும் உண்டு. வள்ளி பேசியதைக் கேட்டவர் எவரும் பாதியில் வந்து பாதியில் போனாலும், அது முருகன் கதை என்பதை அறிந்தே வந்தவர். இணையம் இந்த மூன்றையும் அகற்றிவிட்டது. காட்சி தனியே, துண்டாக, தன்னை ஆக்கியவரின் மொழியும் மனநிலையும் அறியாதவர் கைக்கும் போய்ச் சேர்கிறது. 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டுக்கான நெய்யில் கலப்படம் என்ற சர்ச்சை எழுந்தபோது, பரிதாபங்கள் குழுவினர் வெளியிட்ட ‘லட்டு பாவங்கள்’ என்ற காட்சி சில நாட்களுக்குள் எதிர்ப்புக்கு உள்ளாக, அவர்கள் அதை நீக்கி வருத்தம் தெரிவித்தனர். பிரசாதம் என்பது இறைவனுக்குப் படைத்தபின் அடியார் பெறும் அருள். அதைப் பற்றிய சந்தையையும் அரசியலையும் எள்ளுவதற்கும் அதையே எள்ளுவதற்கும் இடையிலான கோடு, திடலில் இருப்பவருக்குப் புரிந்தாலும், எங்கோ வேறு மொழியில் சுருக்கம் கேட்டவருக்குப் புரிவது அரிது. அந்த அளவுக்கு, புண்பட்டவரின் குறை முழுவதும் பொய்யன்று.

ஆனால் புண்படுதல் என்பது அடுத்த ஆண்டே வேறொரு முகத்தைக் காட்டியது. 2025-இல், சாதி மாறிய காதலுக்காக நிகழும் கொலைகளையும் அவற்றுக்குத் துணைநிற்கும் சாதிப்பெருமையையும் குறிவைத்து இதே குழு ‘சொசைட்டி பாவங்கள்’ வெளியிட்டபோது, தங்கள் சமூகம் இழிவுபடுத்தப்பட்டதாகக் காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. இறைவனை முன்னிட்டு எழுந்த வருத்தமும், கொலையைப் பெருமையாக எண்ணும் பழக்கத்தை முன்னிட்டு எழுந்த சினமும் ஒரே சொற்களில், ஒரே மனுவின் வடிவில் வந்தன. வருத்தத்தின் அளவை வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டாமவர் முதலாமவரைவிடக் குறைவாகப் புண்பட்டார் என்று எவரும் நிறுவ இயலாது. அதனாலேயே புண்பட்ட மனத்தை எள்ளலின் அளவுகோலாகக் கொள்ளும் வாதம் இங்கு முறிகிறது.

சட்டம் வேறொரு அளவுகோலைக் கொண்டிருக்கிறது. 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 295அ பிரிவும், இன்று அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவும், சமய உணர்வைக் கொடுநோக்கத்தோடு வேண்டுமென்றே புண்படுத்துவதையே குற்றமாக்குகின்றன. 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றமும் கவனக்குறைவாகவோ நோக்கமின்றியோ நேர்ந்த அவமதிப்பு இதில் அடங்காது என்று தெளிவுபடுத்தியது. நோக்கத்தைக் கேட்பது நல்லதே. எனினும் எள்ளுபவர் எங்கே நின்று எள்ளுகிறார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பெரியாழ்வாரின் ஆய்ச்சியர் கண்ணனை வைவது, அவன் தங்கள் வீட்டுக்கே வரும் பிள்ளை என்பதனால். சாதிப்பெருமையை அந்தச் சமூகத்துக்கு நடுவிலேயே வாழ்ந்துகொண்டு, அதன் பேச்சையும் நடையையும் தன் வாயில் வாங்கி நடித்து எள்ளுபவருக்கும் அவ்வகை உறவு உண்டு. தாமும் அதில் ஓர் உறுப்பினர் என்ற நிலையிலிருந்து அவர் சிரிக்கிறார். அந்த உறவை மறுத்து அவரை வெளியாள் ஆக்குவதே புகார் மனு முதலில் செய்யும் வேலை. பரதரின் புதல்வர்களுக்கு முனிவர் கொடுத்த தண்டனையும் சிறையோ அடியோ அன்று, குலத்திலிருந்து கீழே தள்ளுதலே.