பிணியும் கூலியும்

ஊழியன் ஒருவன் நோயுற்றால் அவனுடைய வைத்தியச் செலவை ஏற்க வேண்டியவர் யார்? அவனா, அவனுக்குக் கூலி கொடுப்பவரா, அன்றி அவன் வாழும் சமுதாயமா? உலகின் நாடுகள் பல இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டிலேயே ஒருவாறு விடை கண்டுவிட்டன. பிரித்தானியா 1948 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தேசிய சுகாதார சேவையை ஆரம்பித்தது. நமது நாட்டிலும், குறைகள் எத்தனை இருப்பினும், அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்பவனிடம் “உன் முதலாளி யார்?” என்று எவரும் கேட்பதில்லை. செல்வத்திலே முன்னிற்கும் ஐக்கிய அமெரிக்காவிலோ, அறுபத்தைந்து வயதை எட்டாதவருட் பெரும்பான்மையோரின் வைத்தியம் அந்தக் கேள்வியின் விடையிலேயே தங்கியிருக்கின்றது.

பெருங் கம்பனிகளைப் பற்றி நாம் இங்கு பேச வரவில்லை. பல்லாயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கும் கம்பனிக்கு ஒருவரின் புற்றுநோய் கணக்கேட்டில் ஒரு சிறு வரி மாத்திரமே. நம் சிந்தனைக்குரியவர் சிறு தொழில்தருநர்: பேக்கரி வைத்திருப்பவர், வாகனம் திருத்துபவர், நாலைந்து பேரை வைத்து அச்சகம் நடத்துபவர். இவரை எந்த வர்க்கத்திற் சேர்ப்பது என்பதில் இடதுசாரிகளாகிய நமக்கே எப்போதும் சிறிது தடுமாற்றம் உண்டு. பிறர் உழைப்பால் ஆதாயம் பெறுபவர். ஆயினும் விடியற்காலையில் மாப்பிசைபவரும் அவரே. அமெரிக்காவின் சுகாதாரச் சீர்திருத்தம் மிகச் சிக்கலான ஓர் அறவினாவை இம்மனிதரின் மேசை மீதே கொண்டுபோய் வைத்தது.

முதலில் இந்த ஏற்பாடு வந்த வழியைப் பார்ப்போம். எவரும் ஆலோசித்து அமைத்த முறையன்று இது. 1929 ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலே பேலர் பல்கலைக்கழக வைத்தியசாலை அந்நகர ஆசிரியர்களுடன் ஓர் உடன்பாடு செய்தது. ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் ஐம்பது சதம் கட்டவேண்டும்; நோயுற்றால் இருபத்தொரு நாள் வரை வைத்தியசாலையிலே தங்கலாம். பின்னாளில் ‘புளூ குறொஸ்’ என்ற பெயரில் நாடெங்கும் பரவிய காப்புறுதியின் தோற்றம் இதுவே. ஆசிரியர்களான வாசகர்கள் இதைக் கவனிப்பார்களாக. முதல் அங்கத்தவர்களை இணைத்தது ஒரே தொழில் என்ற உறவாகும். இளையோரும் முதியோரும், திடகாத்திரரும் நோயாளரும் ஒரே தொகையையே கட்டினர்.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 ஆம் ஆண்டின் சட்டம் கூலியை உயர்த்துவதைத் தடைசெய்தது. காப்புறுதி போன்ற சலுகைகளைக் கூலி என்ற கணக்கிலே சேர்க்கவில்லை. கூலியைக் கூட்டமுடியாத கம்பனிகள் காப்புறுதியைக் காட்டித் தொழிலாளரை ஈர்த்தன. முதலாளி செலுத்தும் காப்புறுதிப் பணத்துக்கு ஊழியர் வருமான வரி கட்டவேண்டியதில்லை என்பதை 1954 ஆம் ஆண்டின் வரிச்சட்டம் உறுதிப்படுத்தியது. வரி விகிதம் உயர உயர இச்சலுகையின் பெறுமதியும் உயருமாதலால், அதிக சம்பளக்காரனுக்கே அதிக உதவி கிடைத்தது. ஜனாதிபதி ட்ரூமன் 1945 ஆம் ஆண்டிலே தேசிய காப்புறுதித் திட்டமொன்றை முன்வைத்தார். வைத்தியர் சங்கம் அதனைச் ‘சோஷலிச வைத்தியம்’ என்று தூற்றித் தோற்கடித்தது.

தொழிற்சங்கங்களின் பங்கையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வோல்ட்டர் ரூதர் தேசிய காப்புறுதியை வேண்டி நின்றவரே. ஆனால் அது கிட்டாதபோது, 1950 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியுடன் செய்த ஒப்பந்தத்திலே தம் உறுப்பினருக்கு வைத்தியக் காப்புறுதியைப் பெற்றுக்கொடுத்தார். அன்றைய நிலையில் அதனைப் பிழையென்று எவர் சொல்வார்? எனினும் பெரிய ஆலைத் தொழிலாளியின் பசி தணிந்தபின், சிறிய கடைத் தொழிலாளியின் பசியைக் குறித்துக் குரலெழுப்பும் வலிமை குன்றியது.

இனிச் சிறு கடையின் கணக்கு. எட்டுப் பேர் வேலை செய்யும் பேக்கரியொன்றை எண்ணிக்கொள்வோம். பலர் சேர்ந்து சிலரின் துன்பத்தைச் சுமப்பதே காப்புறுதியின் சாரம். எட்டுப் பேர் ‘பலர்’ ஆகமாட்டார். எட்டில் ஒருத்திக்குச் சிறுநீரகம் பழுதுபட்டால், மறு ஆண்டுக்கான கட்டணக் கடிதம் வரும்போது முழுக் கடைக்கும் விலை ஏறியிருக்கும். 1996 ஆம் ஆண்டின் சட்டமொன்று சிறு குழுக்களுக்குக் காப்புறுதி விற்க மறுக்கக்கூடாது என்று கம்பனிகளுக்கு விதித்தது. ஆனால் என்ன விலைக்கு விற்பது என்பதை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. சில மாநிலங்கள் விலைக்கு எல்லை வகுத்தன. பல இடங்களில் நோயாளியின் நோய் கடையின் விலைப்பட்டியலிலே தெரிந்தது.

இதன் கொடுமை பணத்தோடு முடிவதில்லை. விலை ஏறியதன் காரணம் யாரென்று முதலாளிக்குத் தெரியும். ஏனைய ஏழு பேருக்கும் தெரியும். நோயுற்றவளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். தன் உடல் தன் தோழரின் கூலியைத் தின்கிறது என்ற குற்றவுணர்வோடு அவள் வேலைக்கு வருவாள். முதலாளி நல்லவராயினும், “இவள் இல்லாவிட்டால்” என்ற நினைவு அவர் மனத்தில் ஒருமுறை எழாதிருக்குமா? நல்ல மனிதரிடத்தும் தீய எண்ணத்தைத் தோற்றுவிக்கும் ஓர் அமைப்பைப் பற்றி நாம் பேசுகிறோம். தனிமனித ஒழுக்கத்தைப் போதிப்பதால் இதற்குப் பரிகாரம் கிட்டாது.

2010 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா ஒப்பமிட்ட சட்டம் இந்த இடத்திலேதான் கை வைத்தது. 2014 ஆம் ஆண்டு முதல் சிறு குழுக்களுக்கான காப்புறுதியில் நோயைப் பார்த்து விலை வைத்தல் ஆகாது என்று அது விதித்தது. வயது, வசிக்கும் இடம், குடும்பத்தின் அளவு, புகையிலைப் பாவனை ஆகியவற்றை மாத்திரமே கணக்கிற் கொள்ளலாம். வளர்ந்தவருள் மிக முதியவரின் கட்டணம் மிக இளையவரின் கட்டணத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற் போகக்கூடாது. பிரசவம், மனநோய் உட்படப் பத்து வகைப் பராமரிப்புக்கள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டன. ஐம்பது முழுநேர ஊழியருக்குக் குறைந்த தொழில்தருநர் காப்புறுதி கொடாவிடினும் தண்டமில்லை. இருபத்தைந்துக்குக் குறைந்த ஊழியரைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருப்பவர் கட்டணத்திற் பாதியையாவது தாம் செலுத்துவாராயின், அவர் செலுத்திய பணத்தில் அரைப் பங்கு வரை இரண்டு ஆண்டுகளுக்கு வரிச்சலுகையாகத் திரும்பும். எட்டுப் பேர் கொண்ட பேக்கரி இப்பொழுது மாநிலத்தின் சிறு கடைகள் எல்லாவற்றோடும் ஒரே தொகுதியிலே சேர்ந்தது. அந்தப் பெண்ணின் சிறுநீரகம் கடையின் விலைப்பட்டியலிலிருந்து மறைந்தது.

சிறு வணிகர் இதனை வாழ்த்தி வரவேற்றிருப்பர் என்று நாம் எதிர்பார்க்கலாம். நடந்ததோ வேறு. இச்சட்டத்தை எதிர்த்து மாநிலங்கள் பலவற்றோடு வழக்குத் தொடுத்தது சுயாதீன வணிகர் தேசிய சம்மேளனம். 2012 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆந் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று ஐவருக்கு நால்வர் என்ற வாக்கினாலே தீர்த்த வழக்கு அச்சம்மேளனத்தின் பெயராலேயே வழங்குகிறது. சிறு உடைமையாளன் தன்னை வருத்தும் பெருமூலதனத்தைவிடத் தனக்கு உதவ வரும் அரசையே அதிகம் அஞ்சுவான் என்பது புதிய செய்தியன்று. ஆயினும் அவரது எதிர்ப்பை வெறும் அறியாமை என்று தள்ளுவதும் தவறு. இளைஞர்களை மட்டும் வைத்து நடத்திய கடைக்காரர் முன்பு மலிவாக வாங்கினார்; புதிய விதிகளின்படி விலை ஏறியது. பிறரின் நோய்ச் சுமையிற் பங்கு கொள்ளுமாறு சட்டம் அவரைக் கேட்டது. அவர் அதுவரை மலிவாகப் பெற்றதே அநீதி என்பது நம் கருத்து. ஆனால் அநீதியினாற் பயன்பெறுபவன் அதனை அநீதியென்று உணர்வதில்லை. தன் சாமர்த்தியம் என்றே எண்ணுகிறான்.

அத்தகையோருக்குச் சட்டமே ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருந்தது. தன் ஊழியரின் வைத்தியச் செலவைத் தானே நேரடியாக ஏற்பதாகச் சொல்லும் தொழில்தருநரை இவ்விலைவிதிகள் கட்டுப்படுத்தா. 1974 ஆம் ஆண்டின் பழைய சட்டமொன்றின் கீழ்ப் பெருங் கம்பனிகள் அனுபவித்த இச்சலுகையைக் காப்புறுதி வியாபாரிகள் சிறு கடைகளுக்கேற்பத் தைத்துக் கொடுத்தனர். கடைக்காரர் மாதந்தோறும் ஒரே அளவான தொகையைக் கட்டுவார். அதில் ஒரு பங்கு வைத்தியச் செலவுக்கு, ஒரு பங்கு நிருவாகத்துக்கு, செலவு எல்லை மீறினால் ஈடுசெய்வதற்கான மேற்காப்புறுதிக்கு எஞ்சிய பங்கு. விலை சொல்லுமுன் வியாபாரி ஊழியரின் நோய் விபரங்களைப் பார்ப்பான். திடகாத்திரர் நிறைந்த கடைக்கு மலிவு கிடைக்கும். நோயாளி ஒருவர் தோன்றினாரோ, மறு ஆண்டில் விலை ஏறும். அப்பொழுது அந்தக் கடை பொதுத் தொகுதிக்கு மீண்டு வரும். நலமாயிருக்கும்வரை வெளியே, நோயுற்றதும் உள்ளே. இவ்வாறு எஞ்சும் தொகுதியில் நோயாளரே மிகுவர், விலை உயரும், உயர்ந்த விலையைக் கண்டு இன்னும் சிலர் வெளியேறுவர். காப்புறுதித் தொழிலினரே இதற்கு ‘மரணச் சுழல்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

அப்படி வெளியேறும் கடைக்காரர் அறம் பிழைத்தவரா? இதற்கு எளிதில் விடை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2024 ஆம் ஆண்டிலே கைசர் குடும்ப அறநிலையத்தின் ஆய்வின்படி, தொழில்வழிக் காப்புறுதியில் ஒரு குடும்பத்துக்கான சராசரி வருடக் கட்டணம் 25,572 டொலர். மணிக்கு 7.25 டொலர் என்ற கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியில் வருடம் முழுதும் வாரம் நாற்பது மணி உழைத்தவன் பெற்றது 15,080 டொலரே. இக்கணக்கின் முன்னே நிற்கும் கடைக்காரர் மலிவான வழியை நாடுவது தன் ஊழியருக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். தன் எட்டுப் பேருக்கு நன்மை செய்யும்போதே, முகமறியாத எண்ணாயிரம் பேருக்கு அவர் தீமை செய்கிறார். கண்முன் நிற்பவனிடத்துக் காட்டும் அன்பும், காணாத மனிதனுக்குச் செய்யவேண்டிய நீதியும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதலைத் தீர்க்கும் அதிகாரம் அவரிடமில்லை. அவருக்குப் பின்வாசலைத் திறந்துவைத்தவர்களைத்தான் முதலிற் கேள்வி கேட்கவேண்டும்.

இதனினும் விசித்திரமான ஒரு நிலையையும் நோக்குவோம். தொழில்வழிக் காப்புறுதி இல்லாதவர் பொதுச் சந்தையிலே தனியாகக் காப்புறுதி வாங்கும்போது வருமானத்துக்கேற்ப அரசு உதவி கிடைக்கும். ஆனால் முதலாளி ‘தாங்கக்கூடிய’ விலையிற் காப்புறுதி கொடுக்க முன்வந்தால், அதனை ஊழியன் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அந்த உதவி அவனுக்கில்லை. ஊழியன் ஒருவனுக்கான கட்டணம் மாத்திரமே ‘தாங்கக்கூடியது’ என்பதற்கு அளவுகோலாயிற்று; அது குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பதரைக்குட் பட்டால் போதும். அவன் மனைவி மக்களையும் சேர்க்கும்போது அக்கட்டணம் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கானாலும் கேட்பாரில்லை. குடும்பம் முழுதும் உதவியை இழந்தது. இரக்கமுள்ள முதலாளி தம்மாலானதைக் கொடுத்து, அக்கொடையாலேயே ஊழியனின் மனைவிக்குக் கிடைக்கவிருந்ததைப் பறித்தார். ஒன்றுமே கொடாத கஞ்சனின் ஊழியன் ஒருவேளை நன்றாயிருந்தான்! 2022 ஆம் ஆண்டிலே விதி திருத்தப்பட்டு மறு ஆண்டு முதல் குடும்பத்தினருக்கு வழி பிறந்தது. ஊழியனுக்குள்ள தடை அப்படியே இருக்க விடப்பட்டது. நல்லெண்ணத்தைத் தீங்காக மாற்றும் அமைப்பிலே ஒருவன் எப்படி நல்லவனாயிருப்பது?

நமது மலையகத்தை அறிந்தவர்களுக்கு இவ்விடயம் முற்றிலும் அந்நியமானதன்று. தோட்டத்திலே லயமும் மருந்தும் தோட்ட நிருவாகத்தின் கையிலிருந்த காலத்தில், வேலை போனவனுக்குக் கூரையும் போயிற்று, மருந்தும் போயிற்று. அமெரிக்கத் தொழிலாளியின் வாழ்க்கை வசதியை இதனோடு ஒப்பிடுவது பொருந்தாது. கயிற்றின் முறுக்கு மாத்திரம் ஒன்றுதான். நோயுள்ள பிள்ளையின் தகப்பன் வேலையை விடப் பயப்படுவான். பயப்படுபவன் கூலி உயர்வு கேட்கமாட்டான். 2014 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹொபி லொபி கம்பனியின் வழக்கிலே, சிலரது கையில் அடங்கிய கம்பனியின் உரிமையாளர் தமது மதநம்பிக்கையின் பொருட்டுப் பெண் ஊழியருக்குச் சில கருத்தடைச் சாதனங்களைக் காப்புறுதியில் மறுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. காப்புறுதி கூலியின் ஒரு பகுதியாயின், தான் உழைத்துப் பெற்ற கூலியை எவ்வாறு செலவிடுவது என்பதற்கு அப்பெண் முதலாளியின் மனச்சாட்சியிடம் உத்தரவு கேட்கவேண்டியது ஏன்?

2020 ஆம் ஆண்டு முதல் மற்றொரு வழியும் திறந்தது. குழுக் காப்புறுதியை விட்டுவிட்டு, முதலாளி ஊழியருக்கு ஒரு குறித்த தொகையை வரியில்லாமற் கொடுக்கலாம். அவரவர் சந்தையிலே தமக்கானதை வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு என்ன நோய் என்பது கடைக்குத் தெரியவேண்டியதில்லை. அந்த மட்டில் நல்லதே. ஆனால் தொகை நிலையாயிருக்கக் கட்டணம் ஏறினால், ஏறிய பாரம் யார் தோளில் விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் மேலாக, அந்நாட்டுச் சிறு நிறுவனங்களில் ஏறக்குறையப் பாதி எவ்விதக் காப்புறுதியும் வழங்குவதில்லை. அவற்றின் தொழிலாளரே பொதுத்திட்டத்தை முதலில் வேண்டுவோர்; சங்கமாகத் திரண்டிருப்பவர்களோ பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறார்கள். 2020 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, செனட்டர் பேர்ணி சாண்டர்ஸ் எல்லோருக்கும் ஒரே அரசாங்கக் காப்புறுதி என்ற கொள்கையோடு வாக்குக் கேட்டபோது, லாஸ் வேகாஸ் நகரின் ஹோட்டற் சமையல் தொழிலாளர் சங்கம் தம் உறுப்பினரின் காப்புறுதி பறிபோகும் என்று அதனை விமர்சித்தது. அக்காப்புறுதி அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்து வென்றெடுத்தது. அதைக் கைவிடத் தயங்கும் தொழிலாளியை நாம் பழிக்க முடியாது. அதே நகரில், பெரிய ஹோட்டல்களுக்கு அப்பால், ஆறேழு பேர் வேலை செய்யும் உணவுக்கடையிலே கோப்பை கழுவுபவனுக்குச் சங்கமுமில்லை, காப்புறுதியுமில்லை. இருவரும் செய்வது ஒரே தொழில்.